மலையில் ஓடும் பழைய வேகக் கார்: ஆயில் கசிவை எந்த வழியில் கண்டுபிடிப்பது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஆக்டேவியா ஆர்.எஸ்., ஹோண்டா சிட்டி வி-டெக், பாலியோ 1.6 போன்ற கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "நிறுத்தின இடத்துல ஆயில் சொட்டுது. ஒருத்தர் டேப்பெட் கவர் பேக்கிங்னு சொல்றார். இன்னொருத்தர் பின்னாடி கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் எறக்கணும்ங்கறார். நானே பார்த்துக்கலாமா, யு.வி. சாயம் ஊத்தலாமா, புகை விட்டுப் பார்க்கணுமா, இல்ல கோயமுத்தூருக்கே கொண்டு போயிடலாமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் கசிகிறதா, இறக்கத்தில் ஆயில் குறைகிறதா, நிறுத்திய பிறகு சொட்டுகிறதா? மலையில் ஓடும் காருக்கு இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே கசிகிறது என்பதை எந்த வழியில் தேடலாம் என்று அதுவே சொல்லிவிடும். அது தெரியாமல் பேக்கிங் செட் வாங்க ஆரம்பித்தால், நல்லா இருந்த இடத்தையெல்லாம் பிரித்துப் போட்ட பிறகும் சொட்டு நிற்காது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கசிவை அது நடக்கும் நிலையில் அந்த வழி காட்டுகிறதா என்பது. எஞ்சினுக்குள் ஆயில் இரண்டு விதமாக இருக்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் அழுத்தத்தோடு ஓடுகிறது. ஃபில்டர், ஆயில் கூலர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய், ஹோண்டாவில் வி-டெக் சொலனாய்டு (வால்வு இயக்கத்தை மாற்றும் மின்வால்வு) எல்லாம் இந்தப் பக்கம். வேலை முடிந்து கீழே வழிகிற ஆயிலுக்கு அந்த அழுத்தம் கிடையாது. டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி), கேம் சீல், கிராங்க் சீல் (சுழலும் தண்டுகளின் முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), டர்போவிலிருந்து திரும்பி வரும் குழாய் ஆகியவை அந்தப் பக்கம். முதல் வகையில் கோளாறு என்றால் எஞ்சின் ஓடும்போதுதான் கசியும். குளிரில் ஆயில் கெட்டியாக இருந்து அழுத்தம் ஏறி நிற்கும் விடியற்காலையில் அதிகமாகவே கசியும். இரண்டாவது வகையில் ஆயிலை வெளியே தள்ளுவது கிராங்க்கேஸுக்குள், அதாவது எஞ்சினின் கீழ் உறைக்குள், சேரும் காற்று.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் சமவெளிக் கார்களுக்கும் நம் கார்களுக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில். கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சினுக்கு ஓய்வே இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன்' என்று சொல்வது, கூடிக்கொண்டே போகும். அதை வெளியேற்ற வேண்டிய பிரீதர் குழாயோ அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பி.சி.வி. வால்வோ அடைத்திருந்தால், இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு அது வெளியே வரும். டர்போ காரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரீதர் பாதையில் உள்ள ஒருவழி வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால், டர்போ அழுத்தி அனுப்பும் பூஸ்ட் காற்றே கிராங்க்கேஸுக்குள் புகுந்துவிடும். ஏற்றம் முடிந்து பானட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் தானாக மேலெழும்பி நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இறக்கத்தில் நேர்மாறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாவது கியரில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லட்டியின் 36 வளைவுகளையும் இறங்கி, மசினகுடி அருகே சமதளத்தில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை கிளம்புகிறதா? அப்படியானால் ஆயில் உள்ளே எரிகிறது. அதற்கு எந்தக் கசிவு டெஸ்டும் விடை தராது.

இரண்டாவது அளவுகோல் வயது. இந்தக் கார்களில் பலவற்றுக்கு 20 வயது ஆகிவிட்டது. கருத்து இறுகிப்போன ரப்பரையும், தொட்டாலே உடையும் பிளாஸ்டிக் கிளிப்பையும் ஒரு வழி எவ்வளவு அசைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றைத் தேடப் போய் மூன்றை உடைத்துவிட்டால் உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

மூன்றாவது நம் ஊரும் வானிலையும். மூடுபனி, மழை, சரிவான முற்றம், பாதி நாள் ஈரமாகவே கிடக்கும் சாலை. நான்காவது மொத்தச் செலவு: டெஸ்டுக்குக் கொடுக்கும் பணம், போய்வரும் செலவு, கார் இல்லாத நாட்கள், அப்புறம் தவறான விடை வந்தால் வீணாகும் வேலை. ஐந்தாவது, விடை கிடைக்கும்வரை அந்தக் காரை ஓட்டலாமா என்பது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போ உறையிலோ ஆயில் விழுகிறது என்றால் மற்ற நான்கையும் பார்க்கத் தேவையே இல்லை. கேபினுக்குள் கருகல் வாடை, பானட் ஓரத்தில் புகை, ஆயில் விளக்கு எரிவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காரை நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

## எந்த வழிக்கும் முன்னால்

சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் போதும். கியர் ஆயிலில் கந்தக வாடை வரும். பவர் ஸ்டியரிங் ஆயில் பல கார்களில் சிவப்பாக இருக்கும். ஓடிய எஞ்சின் ஆயில் கருத்திருக்கும்.

டிப்ஸ்டிக்கைச் சமதளத்தில் பாருங்கள். குன்னூரில் பாதி வீடுகளுக்கு கார் நிறுத்துமிடமே சரிவில்தான் இருக்கிறது. அங்கே எடுக்கும் அளவை நம்பி ஆயில் ஊற்றினால் அளவு மிஞ்சிப்போய், அந்த மிகுதியே கசிவுக்குக் காரணமாகலாம். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். சரிவு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்திய காரில் எஞ்சின் முன்பக்கம் கசிந்த ஆயிலும் பின்னால் வழிந்து வந்துதான் சொட்டும். சொட்டு விழும் இடத்தை வைத்து முடிவு செய்யும் முன் காரைத் திருப்பி ஒரு இரவு நிறுத்துங்கள்.

கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? கசிவு அதற்குப் பிறகு வந்தது என்றால் வேறு எதையும் தேடாமல் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதிய ஃபில்டரை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். டிரெயின் வாஷரை மாற்றாமல் பழையதையே போடுவதும் அப்படித்தான்.

அப்புறம் பிரீதர். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான துடிப்பு இருக்கலாம். சில எஞ்சின்களில் காற்று உள்ளே இழுத்து ஐடில் மாறும், அதுவும் கோளாறு இல்லை. ஆனால் புகையோடு காற்று 'புஸ்' என்று அடித்தால், சீல் எதையும் மாற்றும் முன் பிரீதர் குழாய்களைச் சரிசெய்ய வேண்டும். ஆக்டேவியாவின் 1.8 டர்போவில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிரீதர் குழாய்கள் வெப்பத்தில் இறுகி வெடிப்பது ரொம்பச் சாதாரணம். பிரீதர் அடைத்த எஞ்சினில் புதுச் சீல் போட்டால் அதுவும் சீக்கிரத்தில் ஒழுகும்.

மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சள் படலம் இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஊட்டிக் குளிரில் சேரிங் கிராஸ் வரை போய்வரும் குட்டி ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து அப்படிப் படியும். நீண்ட ஓட்டத்தில் அது மறைந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் கூலன்ட்டையும் ஆயிலையும் பிரித்துவைக்கும் ஹெட் கேஸ்கட் மேல் பழி போட வேண்டாம்.

## வழி 1: துடைத்து, பவுடர் போட்டுப் பார்ப்பது

எஞ்சின் ஆறிய பிறகு டிகிரீஸரைத் தடவி, பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அடித்தட்டைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருக்கும்வரை கசிவு முழுவதும் அதில் தேங்கி, வேறொரு மூலையில்தான் சொட்டும். உலர்ந்த பிறகு சந்தேகமுள்ள இணைப்புகளில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, ஒரு சிறிய ஓட்டம் போய் வந்து பாருங்கள். ஆயில் வந்த தடம் பவுடரில் கோடு போட்டதுபோலத் தெரியும்.

செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். எதையும் கழற்றத் தேவையில்லை என்பதால் பழைய ரப்பருக்கும் சேதமில்லை. டேப்பெட் கவர், டிஸ்ட்ரிபியூட்டர், கேம் சீலின் வெளிப்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கு இதைவிட நேரடியான வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவு சுத்தம் செய்வதில் இருக்கிறது. சீக்கிரம் முடிக்கலாம் என்று வாட்டர் வாஷில் விட்டு எஞ்சினில் அழுத்தத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பழைய வயர் இணைப்புகள் எல்லாம் அதில் கெடும். டிகிரீஸரோ மண்ணெண்ணெயோ டைமிங் பெல்ட்டில் படவே கூடாது. இன்னொரு தடை வானிலை. ஜூன் முதல் கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை குன்னூர்ப் பக்கமும் ஈரச் சாலையில் ஒரு வளைவு தாண்டினாலே பவுடர் கரைந்துவிடும். ஜனவரி முதல் மார்ச்வரைதான் இதற்கு நல்ல காலம். டர்போவுக்கு அடியிலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழேயும் கண்ணே எட்டாது என்பது வேறு.

வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சரிவில் ஜாக்கி போட்டுக் கீழே போகவே வேண்டாம். சமதளம், டயருக்குக் கட்டை, ஜாக்கி ஸ்டாண்டு இந்த மூன்றும் இல்லையென்றால் பிட் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள்.

## வழி 2: யு.வி. சாயம்

எஞ்சின் ஆயிலுக்கென்றே வரும் ஒளிரும் சாயத்தை ஆயிலோடு கலந்து, காரை ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் வைத்துப் பார்ப்பது. கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். 4 முதல் 5 லிட்டர் ஆயிலுக்குச் சுமார் 30 மில்லி போதும், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். கூலன்ட்டுக்கும் ஏ.சி.க்கும் தனித்தனிச் சாயங்கள் உண்டு, மாற்றி ஊற்றிவிடக் கூடாது.

மலைக்கு இதுதான் மிகப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். காரணம் எளிது: காரை ஏற்றத்தில் ஓட்டிவிட்டுப் பார்க்க முடிகிறது. குன்னூர்க்காரர் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, திரும்பி ஏறி வந்தால் 1,500 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். லிஃப்டில் நின்று ஐடிலில் ஓடும் எஞ்சினில் ஒருபோதும் வராத கசிவு அந்த ஏற்றத்தில் வந்துவிடும். ஆயில் அழுத்தத்தால் வரும் கசிவு, கிராங்க்கேஸ் காற்றால் வரும் கசிவு இரண்டையும் சாயம் காட்டும். ஈரத்தில் பவுடர் தோற்கும், சாயம் தோற்காது. தண்ணீர் ஒளிராது, ஆயில் ஒளிரும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் அந்த இடம் கசிவுபோலவே ஒளிரும். புனல் வைத்து ஊற்றி, சுற்றிலும் துடைத்துவிட்டு, முதல் ஓட்டத்துக்கு முன்பே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பழைய அழுக்கைத் துடைக்காமல் சாயம் ஊற்றுவதும் வீண். புது ஆயில் பழைய பிசுக்கில் ஊறிப் பரவி, பக்கம் முழுவதும் மங்கலாக ஒளிரும். எங்கே தொடங்கியது என்று தெரியாது. ஆகவே வழி 1-இன் சுத்தம் இதற்கும் வேண்டும். இன்னொன்று, ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பார்ப்பதோடு நிறுத்தாமல், பத்து கிலோமீட்டரில் ஒரு முறையும் முழு ஏற்றத்துக்குப் பிறகு ஒரு முறையும் பாருங்கள். முதலில் பார்க்கும்போது தெரியும் சின்னப் புள்ளிதான் மூலம். பின்னால் காற்று அதைப் பெரிதாக இழுத்துவிட்டிருக்கும். ஒளிரும் இடங்களில் உயரத்திலும் முன்னாலும் இருப்பதையே மூலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: புகை விட்டுப் பார்ப்பது

புகை இயந்திரத்தின் குழாயை டிப்ஸ்டிக் துளையிலோ பிரீதர் வழியிலோ இணைத்து, மற்ற வழிகளை அடைத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் கிராங்க்கேஸுக்குள் புகை அனுப்புவார்கள். சீல் விட்ட இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். எஞ்சின் ஓடத் தேவையில்லை, சூடு இல்லை, பதினைந்து இருபது நிமிடத்தில் விடை கிடைக்கும். டேப்பெட் கவர், கேம் சீல், பிரீதர் குழாய் வெடிப்பு, டிப்ஸ்டிக் குழாயின் ஓ-ரிங் போன்றவற்றை இது அழகாகக் காட்டிக்கொடுக்கும். குறிப்பாக, பிரீதர் குழாய் மேனிஃபோல்டுக்கு அடியில் வெடித்திருக்கிறதா என்று எதையும் கழற்றாமல் அறிய இதுவே சிறந்த வழி.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் கசிவை, அதாவது டிரெயின் போல்ட், சம்ப்பின் அடியில் விழுந்த கீறல் ஆகியவற்றைப் புகை காட்டாது. அழுத்தத்தில் ஓடும் ஆயிலின் கசிவையும், அதாவது பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் குழாய், வி-டெக் சொலனாய்டு பேக்கிங் ஆகியவற்றையும் பெரும்பாலும் காட்டாது. புகையில் ஒன்றும் வரவில்லை என்பதால் கசிவே இல்லை என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மிகப் பெரிய ஆபத்து அழுத்தம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. புகை இயந்திரம் இல்லாத இடத்தில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் குழாயை டிப்ஸ்டிக் துளையில் வைத்து அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. நல்லா இருந்த கிராங்க் சீல் அதில் வெளியே துள்ளிவிடும். அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் ரெகுலேட்டரும் மீட்டரும் இருக்கிறதா என்று கேட்ட பிறகே சாவியைக் கொடுங்கள். மலையில் இந்த இயந்திரம் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

## வழி 4: கோவைக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது

செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கும் ஊர் அது. ரேஸ் எஞ்சின்களோடு வளர்ந்த கைகள் அங்கே அதிகம். பழைய 1.8 டர்போவையும் வி-டெக்கையும் பலமுறை பிரித்துப் பார்த்தவர்கள் கிடைப்பார்கள். லிஃப்ட், புகை இயந்திரம், ஸ்கேனர், உதிரிபாகம் எல்லாம் ஒரே ஊரில் கிடைப்பது பெரிய வசதி. கண்டுபிடிப்பதோடு நின்றுவிடாமல் வேலையையும் முடித்துத் திரும்பலாம்.

ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் பரவாயில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்ற வேண்டும் என்றால், அந்த ஒரு செலவிலேயே மற்ற மூன்று வழிகளையும் முடித்துவிடலாம். கார் அங்கே நிற்கும் நாட்களும், "இந்தப் பாகம் வரணும் சார், அடுத்த வாரம் வாங்க" என்பதும் தனி. இதைவிட முக்கியமான ஒரு செலவைப் பலர் யோசிப்பதில்லை: உங்கள் கசிவு ஏற்றத்தில் மட்டும் வருவதாக இருந்தால், சமதளமான அவிநாசி சாலையில் டெஸ்ட் டிரைவ் போன மெக்கானிக்குக்கு அது தெரியவே தெரியாது. "நல்லாத்தான் இருக்குங்க" என்று திருப்பிக் கொடுப்பார். பர்லியார் தாண்டுவதற்குள் கசிவு திரும்ப வந்துவிடும்.

ஆகவே போவதென்றால் எந்த நேரத்தில், எந்தச் சுமையில், எவ்வளவு கசிகிறது என்று எழுதி, போட்டோவோடு கொண்டுபோங்கள். சாயம் ஊற்றிய காரைக் கொண்டுபோவது இன்னும் நல்லது. மலையேறிய பிறகு விழுந்த தடயத்தை அவர் அங்கே லிஃப்டில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வார்.

## ஒரே பார்வையில்

| | துடைத்து, பவுடர் | யு.வி. சாயம் | புகை | கோவைப் பட்டறை |
|---|---|---|---|---|
| ஏற்றத்தில் மட்டும் வரும் கசிவு | வறண்ட நாளில் தெரியும் | நன்றாகத் தெரியும் | பிரீதர், சீல் என்றால் தெரியும் | தடயத்தோடு போனால்தான் |
| ஆயில் அழுத்தக் கசிவு | வெளியே இருந்தால் | ஆம் | பெரும்பாலும் இல்லை | ஆம் |
| மறைவான இடம் | இல்லை | டார்ச் ஒளி எட்டும்வரை | ஆம் | ஆம் |
| மழை, மூடுபனி | உதவாது | உதவும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| பழைய பாகங்களுக்கு ஆபத்து | தண்ணீர் அடிக்காவிட்டால் இல்லை | இல்லை | அழுத்தம் மிஞ்சினால் பெரிது | கைகளைப் பொறுத்தது |
| செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மறைந்த செலவு | சுத்தம் செய்யும் உழைப்பு | சிந்தினால் தவறான விடை | பாதி இடங்களைக் காட்டாது | ரெக்கவரி, கார் இல்லாத நாட்கள் |

## யாருக்கு எது

சிட்டி வி-டெக், பாலியோ மாதிரி டர்போ இல்லாத கார், கசிவு மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, வானிலையும் வறண்டிருக்கிறது என்றால் முதல் வழியே போதும். 106 குதிரைத்திறன் சிட்டியில் முதலில் பார்க்க வேண்டியவை டேப்பெட் கவர், வி-டெக் சொலனாய்டின் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்.

ஆக்டேவியா ஆர்.எஸ். போல டர்போ கார், அல்லது ஏற்றத்துக்குப் பிறகே சொட்டும் எந்தக் காரும் என்றால் சாயம். மூடியைக் கழற்றும்போது காற்று அடித்தாலோ டிப்ஸ்டிக் எழும்பினாலோ முதலில் புகை, பிரீதரைச் சரிசெய்த பிறகும் கசிந்தால் சாயம். கோவைப் பயணம், கியர்பாக்ஸ் இறக்குவது, டைமிங் பக்கம் பிரிப்பது, டர்போவைக் கழற்றுவது என்று பெரிய வேலை உறுதியான பிறகு.

"கொஞ்சமாத்தான சொட்டுது, அப்பப்ப டாப்-அப் பண்ணிக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: டேப்பெட் கவர் ஓரத்தில் ஈரம் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக் மட்டம் அடுத்த சர்வீஸ்வரை கண்ணுக்குத் தெரியும்படி குறையவில்லை என்றால் அது நியாயமான முடிவுதான். ஆனால் அந்த ஈரம் எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தாலோ, டைமிங் பெல்ட் உறைக்குள் போனாலோ, எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் கூலன்ட் குழாயையும் ஊற வைத்தாலோ காத்திருக்காதீர்கள். தரையில் விழும் ஆயிலையும் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் விட்ட படலத்தின் மேல் மழைத் தூறலில் பின்னால் வருபவர் இருசக்கர வண்டியில் வருகிறார். குன்னூர் ஆறும் கீழே இறங்கிப் பவானியில்தான் சேர்கிறது.

கசிவுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில், காலையில் 20டபிள்யூ-50 ஆயில் டர்போவின் பேரிங்கைச் சென்றடையத் தாமதமாகும். குளிரில் அழுத்தமும் கூடிப் பிரஷர் பக்கக் கசிவு மோசமாகும். கம்பெனி சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். ரப்பரை ஊதவைக்கும் கசிவு நிறுத்தி மருந்துகளும் வேண்டாம். இருக்கும் தடயத்தை மறைத்துவிட்டு, சில மாதத்தில் கசிவைத் திருப்பித் தரும்.

## கியர்பாக்ஸ் இறக்கச் சொன்னால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், மலைக் கார்களில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் இருந்தால் "பின் கிராங்க் சீல் போயிருக்குங்க சார்" என்பதுதான் முதலில் வரும் தீர்ப்பு. ஆனால் அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹோண்டாவில் கேம் ஷாஃப்டின் அந்த முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. 1.8 டர்போவில் கேம் செயின் டென்ஷனரின் பேக்கிங்கும் அதன் அரைவட்ட சீலும் அதே முனையில்தான் இருக்கின்றன. இரண்டும் கசிந்தால் கியர்பாக்ஸ் உறை வழியாக வழிந்து, கிராங்க் சீல் போலவே காட்சி தரும். டேப்பெட் கவரின் பின்மூலையும் அப்படியே.

சாயம் ஊற்றி, மேலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து, பெல் ஹவுஸிங்கின் (கிளட்சை மூடும் உறை) அடித் துளையில் மட்டும் ஒளிர்ந்தால் கிராங்க் சீல் என்பதை ஏற்கலாம். ஏற்றத்தில் கிளம்பும்போது கிளட்ச் வழுக்கினால் ஆயில் கிளட்ச் தட்டுவரை போயிருக்கலாம். அப்போது கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறக்கும்போதே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் இன்புட் சீல் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள், கூலி ஒருமுறைதான் ஆகும். புதுச் சீல் உட்காரும் முன் பிரீதர் அழுத்தம் சரியாக இருப்பதை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு எஞ்சினை மறுபடி துடைத்து, அடித்தட்டை மாட்டாமலேயே அதே ஏற்றத்தில் ஒரு முறை போய் வாருங்கள். சாயம் கலந்த ஆயில் அடுத்த ஆயில் மாற்றம்வரை உள்ளேதான் இருக்கும், அதனால் டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். எங்கும் ஒளிரவில்லை என்றால் தட்டை மாட்டிக்கொள்ளலாம்.